ஒட்டியதும் ஏன் கறுப்பாகிறது? கிளிப்போர்டில் தொலையும் டிரான்ஸ்பரன்சி

பின்னணி நீக்கிய லோகோ ஒன்று இருக்கிறது. எடிட்டரில் திறந்தால் பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தெரிகின்றன. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கன்ட்ரோல்+சி அடித்து, இன்னொரு புரோகிராமுக்குப் போய் கன்ட்ரோல்+வி அடித்தால், கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்தபடி வந்து சேர்கிறது லோகோ. வேறொரு புரோகிராமில் ஒட்டினால் பெட்டி வெள்ளையாக இருக்கிறது. மூன்றாவதில் ஒட்டினால் பெட்டியே இல்லாமல் அழகாக வருகிறது. நகலெடுத்தது ஒரே தடவைதான்.

இந்த இடத்தில் பலரும் படத்தைச் சந்தேகப்பட்டு, மறுபடியும் பின்னணி நீக்க உட்காருவார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. மூன்றாவது புரோகிராமில் ஒழுங்காக வந்தது என்றாலே படத்தில் பிழை இல்லை என்று ஆகிவிட்டது. நகலெடுத்த புரோகிராமும் ஒட்டிய புரோகிராமும் படத்தை எந்த வடிவத்தில் கைமாற்றுவது என்பதில் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதை, தப்பாக வந்த பின்னணியின் நிறமும் படத்தின் ஓரமுமே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

கிளிப்போர்டுக்குள் என்ன கிடக்கிறது

நகலெடுத்ததும் கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்ததை ஒட்டும்வரை கணினி வைத்திருக்கும் இடத்தில், ஒரு படம் போய் உட்காருகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே ஒரே படத்தின் பல வடிவங்கள் சேர்ந்து கிடக்கும். ஒரே சேதியை நாலைந்து மொழிகளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போவதுபோல, நகலெடுக்கும் புரோகிராம் தனக்குத் தெரிந்த வடிவங்களை எல்லாம் வைத்துவிட்டுப் போகிறது. ஒட்டும் புரோகிராம் அவற்றில் தனக்குப் புரிகிற ஒன்றை எடுத்துக்கொள்ளும். மற்றவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எடுத்த வடிவத்தில் டிரான்ஸ்பரன்சிக்கு, அதாவது பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும் தன்மைக்கு, இடம் இருந்தால் பிழைத்தோம்.

பிரௌசரில் ஒரு படத்தின்மேல் வலது கிளிக் செய்து நகலெடுப்பதைப் பாருங்கள். கிளிப்போர்டுக்குப் படத்தின் பிக்சல்கள் போகின்றன. கூடவே, அந்தப் படத்தின் இணைய முகவரியைச் சுமக்கும் ஒரு ஹெச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) துண்டும் போகிறது. கட்டுரை எழுதும் புரோகிராம் ஹெச்டிஎம்எல்லை எடுத்து, அந்த முகவரியிலிருந்து அசல் கோப்பையே இறக்கிக்கொள்ளலாம். படம் வரையும் புரோகிராமுக்கு ஹெச்டிஎம்எல் எதற்கு? அது பிக்சல்களைத்தான் எடுக்கும். ஒன்றில் டிரான்ஸ்பரன்சி வந்து இன்னொன்றில் வராமல் போவதற்கு இதுவே போதுமான காரணம்.

சிக்கல் அதிகம் கேட்கும் இடம் விண்டோஸ். அதன் கிளிப்போர்டில் படத்துக்கென்று பழங்காலத்திலிருந்து இருக்கும் வடிவம் டிஐபி (டிவைஸ் இன்டிபென்டன்ட் பிட்மேப்). 1990-இல் விண்டோஸ் 3.0 வந்தபோது கூடவே வந்தது. 40 பைட் நீளத்தில் ஒரு தலைப்பு, அதன் பின்னால் பிக்சல்கள். அன்றைக்கு ஒரு பிக்சலுக்கு நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பைட் கிடைத்தாலே பெரிய விஷயம். எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபாவைப் பற்றி அந்தத் தலைப்பு கவலைப்படவே இல்லை. பின்னால் பிக்சலுக்கு நான்கு பைட் கொண்ட 32 பிட் படங்கள் வந்தன. நான்காவது பைட்டில் ஆல்ஃபாவை வைத்திருக்கலாம், இடம் இருந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் ஆவணம் சாதாரண 32 பிட் டிஐபியில் அந்த பைட் பயன்படுத்தப்படுவதில்லை என்றே சொல்கிறது.

முக்கால்வாசிக் குழப்பத்துக்கு இந்த ஒரு வரி போதும். பயன்படாத பைட்டில் எதை எழுதுவது? சில புரோகிராம்கள் ஆல்ஃபாவை எழுதுகின்றன. சில பூஜ்யம் எழுதுகின்றன. சில 255 எழுதுகின்றன. சில நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்ததை அப்படியே விட்டுவிடுகின்றன. வாங்கிக்கொள்ளும் புரோகிராம் அதை நம்பலாமா கூடாதா என்று ஊகித்தாக வேண்டும். அதனால் பல புரோகிராம்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன: படம் முழுக்க நான்காவது பைட் பூஜ்யமாக இருந்தால், 'இவர் ஆல்ஃபா எழுதவில்லை' என்று முடிவுகட்டி, படத்தை முழுதாகத் தெரியவைப்பது, ஒரு பிக்சலிலாவது பூஜ்யம் அல்லாதது வந்தால் அது ஆல்ஃபா என்று எடுத்துக்கொள்வது. பெரும்பாலும் இது வேலை செய்கிறது. இந்தத் தந்திரம் தெரியாத புரோகிராமில் ஒட்டினால் படம் மொத்தமும் காணாமல் போகும்: லேயர் வருகிறது, அளவும் சரியாக இருக்கிறது, உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை.

இதைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் தலைப்பை நீட்டியது. விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 காலத்தில் வந்த ஐந்தாம் பதிப்புத் தலைப்பு 124 பைட். ஆல்ஃபா எந்தப் பிட்களில் இருக்கிறது என்று சொல்ல அதில் தனி இடம் உண்டு. கிளிப்போர்டிலும் டிஐபி-வி5 என்று தனி வடிவம் வந்தது. ஆனால் பழைய டிஐபியைக் கேட்டுப் பழகிய புரோகிராம்கள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தன. விண்டோஸும் அவற்றுக்கு வசதி செய்து கொடுத்தது: பிட்மேப், டிஐபி, டிஐபி-வி5 மூன்றில் ஒன்றை மட்டும் வைத்தால் போதும், மற்ற இரண்டையும் யாராவது கேட்கும்போது விண்டோஸே செய்து கொடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வி5-இல் ஒழுங்காக வைத்த படத்தைப் பழைய டிஐபியாகக் கேட்டு வாங்கினால், ஆல்ஃபாவுக்கு உத்தரவாதம் போய்விடுகிறது. பழைய டிஐபியிலிருந்து தானாக உருவான வி5-இலோ, இல்லாத ஆல்ஃபா புதிதாக முளைத்து வராது.

இதோடு ஒட்டிய இன்னொரு கோளாறையும் சொல்லிவிடலாம். டிஐபியில் நிறங்கள் எந்தப் பிட்களில் உள்ளன என்று குறிக்க, சில நேரம் தலைப்புக்கும் பிக்சல்களுக்கும் நடுவில் மூன்று எண்கள் வரும். மொத்தம் 12 பைட். அந்த 12 பைட்டை ஒரு புரோகிராம் வைத்து, மற்றது அதை எதிர்பார்க்காமல் படித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் படம் சரியாக 3 பிக்சல் நகர்ந்து போகும். ஒரு பக்கத்து ஓரம் மறுபக்கத்தில் மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். டிரான்ஸ்பரன்சி கோளாறோடு இந்தக் கோடும் தெரிந்தால், டிஐபி வழியாகத்தான் படம் வந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

மேலே சொன்ன சங்கடம் எதுவும் வேண்டாம் என்று நினைத்த புரோகிராம்கள் பிஎன்ஜி என்ற படக்கோப்பு வகையின் பக்கம் போய்விட்டன. 1996-இல் வந்த பிஎன்ஜியில் ஆல்ஃபா தொடக்கத்திலிருந்தே முறையான உறுப்பு. அதில் ஊகத்துக்கு வேலை இல்லை. விண்டோஸ் கிளிப்போர்டில் புரோகிராம்கள் தாங்களாகவே ஒரு பெயரைப் பதிவுசெய்து எந்த வடிவத்தையும் வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் உட்படப் பல புரோகிராம்கள் பிஎன்ஜி என்ற பெயரில் ஒரு முழுக் கோப்பையே அங்கே வைக்கின்றன. ஆனால் பெயர் வெறும் எழுத்துச் சரம்தான். ஒரு புரோகிராம் வெறுமனே 'பிஎன்ஜி' என்று வைக்க, இன்னொன்று இணைய பாணியில் 'இமேஜ்/பிஎன்ஜி' என்ற பெயரைத் தேடினால், இரண்டும் ஒரே பொருளைப் பற்றிப் பேசியும் சந்தித்துக்கொள்ளாது. கடைசியில் இருவருக்கும் தெரிந்த பழைய டிஐபிக்கே வந்து சேர்வார்கள்.

மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே படத்துக்கு வழக்கமாகப் போவது டிஃப் என்ற படக்கோப்பு வகை, பிஎன்ஜி இரண்டும். இரண்டிலும் ஆல்ஃபாவுக்கு இடம் உண்டு. லினக்ஸில் இமேஜ்/பிஎன்ஜி என்ற இணையப் பெயரே பொதுவழக்கு, அதனால் அங்கேயும் பிழைப்பு பரவாயில்லை. லினக்ஸில் திரையைக் கவனிக்கும் பழைய அமைப்பான எக்ஸ்11-இல் சிக்கல் வேறு மாதிரி: நகலெடுத்த தரவு அந்தப் புரோகிராமிடமே இருக்கும், ஒட்டும்போதுதான் கேட்டு வாங்கப்படும். நகலெடுத்துவிட்டு அதை மூடினால் எடுத்ததும் போய்விடும். அதைக் காப்பாற்றக் கிளிப்போர்டு மேலாளர் ஒன்றைப் போட்டால், அது எந்த வடிவங்களைச் சேமிக்கிறதோ அவைதான் மிஞ்சும்.

தப்பான நிறத்தைப் படிப்பது

முதலில் கறுப்பு. முழுவதும் டிரான்ஸ்பரன்டான பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள் இருக்கத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோப்பில் இருக்கும். பெரும்பாலான புரோகிராம்களில் அவை மூன்றும் பூஜ்யம், அதாவது கறுப்பு. ஆல்ஃபாவை யாராவது வழியில் தூக்கிப் போட்டுவிட்டால், அதுவரை மறைந்திருந்த கறுப்பு வெளியே வந்துவிடும். கறுப்புப் பெட்டியைக் கண்டால், 'ஆல்ஃபா தொலைந்தது, நிறங்கள் அப்படியே வந்தன' என்று படிக்க வேண்டும்.

வெள்ளையின் கதை பெரும்பாலும் வேறு. ஆல்ஃபா தொலையப்போகிறது என்று தெரிந்த புரோகிராம், கறுப்பாக வந்து அசிங்கமாக இருக்க வேண்டாம் என்று, படத்தை முன்கூட்டியே வெள்ளைமேல் கலந்து கொடுத்துவிடுகிறது. நகலெடுத்த பக்கமே இதைச் செய்திருக்கலாம். ஒட்டிய பக்கம் வாங்கிய பிறகும் செய்திருக்கலாம். எப்படியானாலும் தெரிந்தே செய்யப்பட்டது. கறுப்பு என்றால் கவனக்குறைவு, வெள்ளை என்றால் முன்யோசனை. இரண்டிலும் டிரான்ஸ்பரன்சி போனது போனதுதான்.

மூன்றாவது வகை திடுக்கிட வைக்கும்: நீக்கிய பின்னணி திரும்பி வந்துவிடும். அழிப்பானால் தேய்த்து எடுத்த சுவர், மரம், பக்கத்தில் நின்ற ஆள் எல்லாம் ஒட்டிய இடத்தில் மறுபடி நிற்பார்கள். பல எடிட்டர்கள் அழிக்கும்போது ஆல்ஃபாவை மட்டும் பூஜ்யமாக்கி, நிறத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் காரணம். கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டரில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது, டிரான்ஸ்பரன்ட் பிக்சல்களின் நிறத்தையும் சேமிக்கவா என்று ஒரு தேர்வு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதைப் பற்றியதுதான். ஒருவர் முகத்தையோ ஓர் எண்ணையோ மறைப்பதற்காக அழிப்பானைப் பயன்படுத்துகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கோப்பில் இல்லாதது ஆகிவிடாது.

இனி ஓரங்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆல்ஃபாவை எழுதுவதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, நிறத்தை அப்படியே வைத்து ஆல்ஃபாவைத் தனியாக வைப்பது. பிஎன்ஜி இந்த வழக்கம். மற்றது, நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைப்பது. 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதிய படக்கலவைக் கட்டுரைக்குப் பிறகு நிலைத்த முறை அது; கணக்கு எளிது என்பதால் விண்டோஸின் கலக்கும் கட்டளையும் பிரௌசர்களில் படம் வரையும் பரப்பான கேன்வாஸும் உள்ளுக்குள் அதைத்தான் வைத்திருக்கின்றன. டிஃப் கோப்பில் இரண்டும் செல்லும், எது என்று குறிக்க ஒரு குறிச்சொல் உண்டு. டிஐபியில் அப்படி எந்தக் குறியும் இல்லை.

பாதி ஊடுருவித் தெரியும் ஒரு சிவப்புப் பிக்சலை எடுத்துக்கொள்வோம். முதல் வழக்கத்தில் சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0, ஆல்ஃபா 128. இரண்டாவதில் சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0, ஆல்ஃபா 128. வெள்ளைமேல் இது 255, 127, 127 என்ற இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். பெருக்கி வைத்த எண்ணை, பெருக்காதது என்று நினைத்து வாங்கும் புரோகிராம் மறுபடி ஒருமுறை பெருக்கிவிடும். சிவப்பு 64-க்கு இறங்கி, வெள்ளையின் பங்கும் சேர்ந்து 191, 127, 127 என்று அழுக்கேறிய நிறம் வரும். படத்தின் நடுப்பகுதியில் ஆல்ஃபா 255 என்பதால் அங்கே வித்தியாசமே தெரியாது. எழுத்துகளின் ஓரத்திலும் நிழலிலும் முடியிழைகளிலும் மட்டும் கரி பூசினாற்போல ஒரு விளிம்பு ஓடும்.

தலைகீழாக நடந்தால், அதாவது பெருக்காத எண்ணைப் பெருக்கியது என்று நம்பினால், இருண்ட பின்னணியில் ஓரங்கள் பளிச்சென்று எரியும். டிரான்ஸ்பரன்ட் பிக்சல்களுக்குள் வெள்ளை ஒளிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஆல்ஃபா பூஜ்யமாக இருந்தும், அந்தக் கணக்கில் 255 அப்படியே கூட்டப்பட்டு வெள்ளைப் பெட்டியாக நிற்கும். ஆல்ஃபா பத்திரமாக வந்து சேர்ந்தும் பெட்டி தெரிகிற விசித்திரம் இது.

இதே ஓரத்தை வைத்து கறுப்புப் பெட்டியையும் துருவலாம். படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். லோகோவின் நிறம் மெல்ல மங்கிக் கறுப்பில் கரைந்தால், பெருக்கி வைத்த எண்கள் வந்து ஆல்ஃபா மட்டும் உதிர்ந்திருக்கிறது. விளிம்பு படிக்கட்டு வெட்டினாற்போல முரடாக இருந்தால், பெருக்காத எண்கள் வந்து ஆல்ஃபா உதிர்ந்திருக்கிறது. வெள்ளைப் பெட்டிக்கும் அப்படியே: வழுவழுப்பான ஓரம் என்றால் யாரோ வெள்ளைமேல் ஒழுங்காகக் கலந்திருக்கிறார்கள், முரட்டு ஓரம் என்றால் உள்ளே ஒளிந்திருந்த வெள்ளை வெளிப்பட்டிருக்கிறது.

ஓரத்தில் மட்டும் வெள்ளை நூல் ஓடி, மற்றபடி டிரான்ஸ்பரன்சி சரியாக இருந்தால், கிளிப்போர்டை விட்டுவிடுங்கள். அந்தப் படம் எப்போதோ வெள்ளைமேல் கலக்கப்பட்டு, பிறகு வெள்ளையை நீக்கி எடுத்ததாக இருக்கும். சிவப்பும் நீலமும் இடம் மாறி வந்தால் பைட் வரிசையைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். தலைகீழாக வந்தால், டிஐபி வழக்கமாகக் கீழ் வரியிலிருந்து மேலே எழுதப்படுவதைக் கவனிக்கவில்லை. இவை இரண்டும் புரோகிராம் எழுதியவர் சரிசெய்ய வேண்டியவை.

சாம்பல்-வெள்ளைக் கட்டங்களே படமாக ஒட்டப்பட்டால்? அந்தக் கட்டங்கள் எடிட்டர் நமக்குக் காட்டும் அடையாளம் மட்டும்தான், கோப்பில் இருக்கவே கூடாது. இருந்தால், யாரோ கட்டங்களையும் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருக்கிறார்கள், அல்லது டிரான்ஸ்பரன்ட் என்று சொல்லி ஏமாற்றும் படங்களில் ஒன்று உங்களிடம் மாட்டியிருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டில் பொதுவாக டிரான்ஸ்பரன்சியை எதிர்பார்க்கக் கூடாது. திரையில் எல்லாம் கலந்து முடிந்த பிறகு எடுப்பது அது. மேக்கில் ஒரு சன்னலை மட்டும் தேர்ந்து எடுக்கும்போது சுற்றி வரும் நிழல் இதற்கு விதிவிலக்கு.

எங்கே தொலைந்தது என்று பிடிப்பது

வெள்ளைப் பக்கத்தில் ஒட்டிச் சோதிக்காதீர்கள். வெள்ளைமேல் கலந்த படமும் டிரான்ஸ்பரன்ட் படமும் வெள்ளைப் பக்கத்தில் ஒன்றாகவே தெரியும். ஸ்லைடின் நிறத்தை மாற்றும் நாளில்தான் குட்டு வெளிப்படும். அடர்ந்த பச்சை மாதிரி, உங்கள் படத்தில் இல்லாத ஒரு நிறத்தை அடியில் போட்டு அதன்மேல் ஒட்டிப் பாருங்கள். சோதனைக்கு லோகோவைவிட, காலியான கேன்வாஸில் மென்மையான தூரிகையால் வைத்த ஒரு சிவப்புப் புள்ளி நல்லது. முழுதாகத் தெரியும் நடு, பாதி தெரியும் ஓரம், ஒன்றுமே இல்லாத வெளி மூன்றும் அதில் உண்டு.

எதிர்த்திசையிலும் ஓர் ஏமாற்று உண்டு. இருண்ட தீமில் ஓடும் பட வியூவர்கள் டிரான்ஸ்பரன்ட் பகுதியைத் தங்கள் பின்னணி நிறத்திலேயே காட்டும். படம் கறுப்பாகிவிட்டது என்று பதறுவதற்கு முன் வியூவரின் தீமை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, கிளிப்போர்டில் உண்மையில் எந்த வடிவங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது. விண்டோஸில் நிர்சாஃப்ட்டின் இன்சைட்கிளிப்போர்டு என்ற இலவசக் கருவி அந்தப் பட்டியலைக் காட்டும். லினக்ஸில், எக்ஸ்11 என்றால் எக்ஸ்கிளிப், அதற்கு மாற்றாக வந்த வேலண்ட் என்றால் டபிள்யூஎல்-பேஸ்ட்; இரண்டிலும் வடிவங்களைப் பட்டியலிட வழி உண்டு. மேக்கில் பிரிவியூவைத் திறந்து கமாண்ட்+என் அடித்தால், கிளிப்போர்டில் உள்ள படம் புதிய கோப்பாகத் திறக்கும். பட்டியலில் பிஎன்ஜி இருந்தும் டிரான்ஸ்பரன்சி வரவில்லை என்றால், பெரும்பாலும் ஒட்டிய புரோகிராம் அதைக் கேட்கவில்லை என்று பொருள். பிஎன்ஜியே இல்லை, பிட்மேப்பும் டிஐபியும் மட்டும்தான் என்றால் நகலெடுத்த பக்கத்தைக் கவனியுங்கள்.

கருவி எதுவும் போட முடியாத அலுவலகக் கணினி என்றால், குறுக்கே ஒரு சோதனை போதும். நகலெடுக்கும் புரோகிராமை மாற்றாமல் ஒட்டும் இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு ஒட்டும் இடத்தை வைத்துக்கொண்டு நகலெடுக்கும் புரோகிராமை மாற்றுங்கள். இதில் கிம்ப், பெயின்ட்.நெட் போன்றவை நல்ல சாட்சிகள். பிஎன்ஜி வழியாகக் கொடுக்கவும் வாங்கவும் அவற்றுக்குத் தெரியும்.

சில நேரம் குற்றவாளி நடுவில் இருப்பவர். விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபர் பதிப்போடு வந்த கிளிப்போர்டு வரலாறு, அதாவது விண்டோஸ்+வி, எழுத்து, ஹெச்டிஎம்எல், பிட்மேப் ஆகியவற்றை மட்டும்தான் சேமிக்கும். நேராக ஒட்டினால் சரியாக வரும் படம், வரலாற்றிலிருந்து எடுத்து ஒட்டும்போது பெட்டியோடு வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரிமோட் டெஸ்க்டாப், மெய்நிகர் கணினி இவற்றைத் தாண்டிப் போகும்போதும் எல்லா வடிவங்களும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்வதில்லை. கணினிகளுக்கு இடையே கிளிப்போர்டைப் பகிரும் செயலிகளையும் முதலில் நிறுத்திவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

தப்பிக்கும் வழிகள்

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸில் வெறும் கன்ட்ரோல்+வி-க்குப் பதில் கன்ட்ரோல்+ஆல்ட்+வி அடித்தால், எந்த வடிவத்தில் ஒட்டுவது என்று கேட்கும். பட்டியலில் பிஎன்ஜி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரேஆஃபிஸிலும் ஸ்பெஷல் பேஸ்ட் உண்டு. ஆஃபிஸில் இன்னொரு வசதியும் இருக்கிறது: ஒரு நிறத்தைக் கிளிக் செய்து அதை டிரான்ஸ்பரன்ட் ஆக்குவது. அவசரத்துக்கு உதவும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சரியாக அந்த ஒரு நிறம் மட்டும் போகும். ஓரத்தில் கலந்த நிறங்கள் போகாது. லோகோவுக்குள் அதே வெள்ளை இருந்தால் அங்கேயும் ஓட்டை விழும்.

இதைவிட உறுதியான வழி, பிக்சல்களை நகலெடுக்காமல் கோப்பையே நகலெடுப்பது. பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்து, கோப்புறையில் அந்தக் கோப்பைத் தேர்ந்து கன்ட்ரோல்+சி கொடுத்தால், கிளிப்போர்டுக்குப் போவது கோப்பின் பாதை. வாங்கும் புரோகிராம் கோப்பைத் தானே திறந்து படிக்கும், நடுவில் டிஐபி வரவே வராது. கோப்பை இழுத்து விடுவதும் இன்செர்ட் மெனு வழியாகச் சேர்ப்பதும் இதே மாதிரிதான். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு படம் என்றால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில் பிஎன்ஜியாக நகலெடு என்றே தனித் தேர்வு இருக்கிறது. ஃபோட்டோஷாப் தன் உள்ளே நகலெடுத்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வெளியே கொடுப்பதற்குத் தனி அமைப்பு வைத்திருக்கிறது. அங்கிருந்து வெளியே போகும் படத்தில் டிரான்ஸ்பரன்சியை நம்புவதைவிட, விரைவு ஏற்றுமதியில் பிஎன்ஜி எடுப்பது நிம்மதி.

வாங்கும் பக்கத்தில் கேன்வாஸையும் பார்க்க வேண்டும். கிம்ப்பில் ஆல்ஃபா சேனல் இல்லாத லேயரில் படத்தை இறக்கினால், படம் ஒழுங்காக வந்தாலும் அடியில் இருப்பது திடமான பின்னணிதான். புதிய படமாக ஒட்டிப் பாருங்கள், அல்லது லேயருக்கு ஆல்ஃபா சேனல் சேருங்கள். விண்டோஸின் பெயின்ட்டில் டிரான்ஸ்பரன்சியே வெகுகாலம் கிடையாது. லேயர்களோடு சேர்ந்து 2023-இல்தான் விண்டோஸ் 11-க்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் இருந்த டிரான்ஸ்பரன்ட் செலக்‌ஷன் வேறு சங்கதி: இரண்டாவது நிறமாக நீங்கள் வைத்திருப்பதை ஒட்டும்போது விட்டுவிடும், அவ்வளவே. சேமித்தால் எதுவும் டிரான்ஸ்பரன்ட் ஆகாது.

ஒட்டியது சரியாக வந்து, சேமித்த பிறகு பெட்டி வந்தால் கோப்பு வகையைப் பாருங்கள். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. ஜிஃப்பில் உண்டு, ஆனால் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது தெரியாது, பாதி என்ற பேச்சே இல்லை. அதனால் நிழல்கள் முரடாகும். பிஎன்ஜி, வெப்பி, ஏவிஃப் மூன்றும் சரி. செய்திச் செயலிகளில் ஒட்டி அனுப்பும் படம் பல நேரம் போகிற வழியில் ஜேபெக்காக மாறிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

நீங்களே புரோகிராம் எழுதுகிறவர் என்றால் கடைசியாக ஒன்று. மைக்ரோசாஃப்ட்டின் புரோகிராம் எழுதும் தளமான டாட்நெட்டில் கிளிப்போர்டுக்குப் படத்தைக் கொடுக்கும் எளிய கட்டளை ஆல்ஃபாவைக் காப்பாற்றாது. படத்தை பிஎன்ஜியாக நினைவகத்தில் எழுதி, பிஎன்ஜி என்ற பெயரில் தரவுப் பொருளில் சேர்த்து, கூடவே பழைய புரோகிராம்களுக்காக வெள்ளைமேல் கலந்த ஒரு பிட்மேப்பையும் வையுங்கள். வரிசை முக்கியம்: விவரம் அதிகமுள்ள வடிவம் முதலில் போக வேண்டும், ஏனென்றால் பட்டியலில் தனக்குப் புரிகிற முதல் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் புரோகிராம்கள் உண்டு. வாங்கும்போது முதலில் பிஎன்ஜியை இரண்டு பெயர்களிலும் தேடுங்கள், அப்புறம் வி5, கடைசியில் டிஐபி. டிஐபிதான் கிடைத்தது என்றால் நான்காவது பைட் முழுக்கப் பூஜ்யமா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்படியானால் ஆல்ஃபாவைத் தள்ளிவிட்டு நிறங்களை மட்டும் எடுங்கள். பூஜ்யம் இல்லை என்றால், எந்த நிற எண்ணாவது அதே பிக்சலின் ஆல்ஃபாவைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கி வைத்த படத்தில் அது நடக்கவே முடியாது, ஆகவே அப்படி ஒன்று அகப்பட்டாலே படம் பெருக்காத வகை.